இணைதிறனிலிருந்து வேதி வாய்ப்பாடு: உப்பளத்துச் சேர்மங்களைக் கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையோரத்து உப்பளங்களில் கடல்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாறி, வெயிலில் சுண்டச் சுண்ட, அதில் கரைந்திருந்த பொருள்கள் ஒரு வரிசைப்படி படிகின்றன. முதலில் சிறிதளவு கால்சியம் கார்பனேட் படிகிறது. அடுத்து ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட் பிரிகிறது. அதன் பின்னரே நாம் உண்ணும் சோடியம் குளோரைடு பூக்கிறது. உப்பை வாரிய பிறகு எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடும் மெக்னீசியம் சல்பேட்டும் பொட்டாசியம் குளோரைடும் கரைந்தே நிற்கின்றன. இந்த ஆறு சேர்மங்களின் வாய்ப்பாடுகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான்கு உலோகங்களுக்கும் மூன்று எதிர்மின் அயனிகளுக்கும் (அயனி என்பது மின்சுமை பெற்ற அணு அல்லது அணுத்தொகுதி) உரிய ஏழு எண்களை அறிந்தவர் அவற்றைத் தாமே வருவித்துவிடலாம். அந்த எண்களுக்குத்தான் இணைதிறன் என்று பெயர்.

பாளையங்கோட்டையில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்திவந்த ஆண்டுகளில் ஒரே பிழையை மீண்டும் மீண்டும் திருத்தியிருக்கிறேன். மெக்னீசியம் ஆக்சைடின் வாய்ப்பாட்டைக் கேட்டால், இரண்டு மெக்னீசியம், இரண்டு ஆக்சிஜன் என்று எழுதுவார்கள். ‘இணைதிறன்களை மாற்றிப் போடு’ என்ற விதியை அவர்கள் சரியாகவே பின்பற்றியிருப்பார்கள். ஆனால் எண்களை ஏன் மாற்றிப் போடுகிறோம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். காரணம் தெரிந்தவருக்கு அந்த விதியே தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டியில் காரணத்தை முதலில் வைத்து, குறுக்குவழியைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எழுதும் முறை பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனிமங்களின் குறியீடுகள் ஒரு தனிச் சுமை. சோடியத்தின் குறியீடு நேட்ரியம் என்ற பெயரிலிருந்தும், பொட்டாசியத்தின் குறியீடு காலியம் என்ற பெயரிலிருந்தும், இரும்பின் குறியீடு ஃபெர்ரம் என்ற பெயரிலிருந்தும் வந்தவை என்பதால் தொடக்கநிலை மாணவர் அங்கேயே தடுமாறிவிடுகிறார். இணைதிறனைக் கற்கும்போது அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். எனவே இங்கே குறியீட்டுக்குப் பதிலாகத் தனிமத்தின் பெயரையே எழுதி, அணுக்களின் எண்ணிக்கையை அதன் வலப்புறம் சற்றுக் கீழே சிற்றெண்ணாகத் தருகிறேன். அந்தச் சிற்றெண்ணைக் கீழெண் என்று அழைப்போம். எல்லோரும் அறிந்த எச்₂ஓ இந்த முறையில் ஹைட்ரஜன்₂–ஆக்சிஜன் என்று ஆகும். கீழெண் இல்லாத இடத்தில் ஓர் அணு என்று பொருள். கணக்கு கைவந்த பிறகு, நோட்டில் எழுதும்போது பெயர்களின் இடத்தில் குறியீடுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

இணைதிறன் என்பது என்ன

ஒரு தனிமத்தின் ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அணுக்களுடன் சேரும் என்ற எண்ணிக்கையே அதன் இணைதிறன். குளோரின் அணு ஒரு ஹைட்ரஜனுடன் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவதால் குளோரினின் இணைதிறன் 1. ஆக்சிஜன் இரண்டு ஹைட்ரஜனுடன் சேர்ந்து நீராவதால் அதன் இணைதிறன் 2. நைட்ரஜன் மூன்றுடன் சேர்ந்து அம்மோனியாவாகவும், கார்பன் நான்குடன் சேர்ந்து மீத்தேனாகவும் ஆகின்றன என்பதால் அவற்றின் இணைதிறன்கள் முறையே 3, 4. ஹைட்ரஜனுடன் எளிதில் சேராத தனிமங்களுக்கு, சேரும் குளோரின் அணுக்களின் எண்ணிக்கையையோ, சேரும் ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கையோ கொள்ளலாம்.

வகுப்பில் நான் இதைக் கைகளாகச் சொல்வதுண்டு. ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு மூன்று, கார்பனுக்கு நான்கு. எந்தக் கையும் சும்மா தொங்கக்கூடாது. ஒவ்வொரு கையும் எதிரில் உள்ள ஒரு கையைப் பிடித்திருக்க வேண்டும். இந்த ஒரே நிபந்தனையிலிருந்து, கீழே வரும் கணக்குகள் அனைத்தும் பிறக்கின்றன.

இணைதிறன் என்ற கருத்து இல்லாத காலத்தில் என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தால் அதன் அருமை புரியும். அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்டன், நீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் மட்டுமே இருப்பதாகக் கொண்டார். இரு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் அறியப்பட்டிருக்கிறது என்றால், அதில் ஒன்றுக்கு ஒன்றாகவே அணுக்கள் சேர்ந்திருக்கும் என்பது அவர் எடுத்துக்கொண்ட எளிமை விதி. அவ்வாறு எடுத்துக்கொண்டதால் ஆக்சிஜனின் அணு எடையும் அவர் கணக்கில் பாதியாகக் குறைந்துபோயிற்று. 1852ஆம் ஆண்டில் எட்வர்ட் பிராங்க்லாண்ட் என்னும் ஆங்கிலேய வேதியியலார், நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆர்சனிக், ஆண்டிமனி ஆகிய தனிமங்கள் எவற்றோடு சேர்ந்தாலும் மூன்று அல்லது ஐந்து பங்குகளோடுதான் சேர்கின்றன என்பதைக் கவனித்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் சேரும் ஆற்றல் ஒன்று வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினார். இன்று நாம் பயன்படுத்தும் இணைதிறன் அங்கிருந்து வளர்ந்ததாகும்.

எலக்ட்ரான் கண்டறியப்பட்ட பிறகு அந்த எண்ணுக்குக் காரணமும் கிடைத்தது. எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் அணுவுக்குள் கூடு கூடாக அமைந்திருக்கின்றன. கடைசிக் கூடான வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் இருக்கும் நிலை நிலைப்புத்தன்மை உடையது. ஹைட்ரஜனைப் போன்ற மிகச் சிறிய அணுக்களுக்கு மட்டும் இரண்டு போதும். சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு, உள்கூட்டிலிருந்து எண்ணினால், 2, 8, 1. கடைசியில் உள்ள ஒன்றை இழந்துவிட்டால் வெளிக்கூடு எட்டாக அமைந்துவிடும் என்பதால் இணைதிறன் 1. மெக்னீசியம் 2, 8, 2, இணைதிறன் 2. அலுமினியம் 2, 8, 3, இணைதிறன் 3. மறுபுறம் குளோரின் 2, 8, 7. எட்டுக்கு ஒன்று குறைவு, ஆகவே இணைதிறன் 1. ஆக்சிஜன் 2, 6. எட்டுக்கு இரண்டு குறைவு, இணைதிறன் 2. ஆகவே முதல் இருபது தனிமங்களில் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் நீக்கிப் பார்த்தால், வெளிக்கூட்டில் நான்கோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அந்த எண்ணே இணைதிறன். நான்கிற்கு மேல் இருந்தால் எட்டிலிருந்து கழித்து வரும் எண் இணைதிறன். நியானுக்கும் ஆர்கானுக்கும் எட்டும் நிறைந்திருப்பதால் அவற்றின் இணைதிறன் சுழி.

கையில் இருக்க வேண்டிய எண்கள்

இணைதிறன் 1 உடையவை: ஹைட்ரஜன், சோடியம், பொட்டாசியம், வெள்ளி, குளோரின், புரோமின், அயோடின், ஃபுளூரின்.

இணைதிறன் 2 உடையவை: மெக்னீசியம், கால்சியம், துத்தநாகம், ஆக்சிஜன், சல்பைடாக இருக்கும்போது கந்தகம்.

இணைதிறன் 3 உடையவை: அலுமினியம், நைட்ரஜன். கார்பனுக்கும் சிலிக்கனுக்கும் 4.

இவற்றோடு, பல அணுக்கள் ஒன்றாகப் பிணைந்து ஒரே அயனியாக நடந்துகொள்ளும் அணுத்தொகுதிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அம்மோனியம், ஹைட்ராக்சைடு, நைட்ரேட், பை-கார்பனேட், குளோரேட் ஆகியவற்றுக்கு 1, கார்பனேட்டுக்கும் சல்பேட்டுக்கும் 2, பாஸ்பேட்டுக்கு 3. இவற்றில் அம்மோனியம் மட்டும் நேர்மின் அயனி. மற்றவை எதிர்மின் அயனிகள். ஓர் அணுத்தொகுதியின் உள்ளே எத்தனை ஆக்சிஜன் இருக்கிறது என்பதை இங்கே நாம் வருவிக்கப்போவதில்லை. சல்பேட் என்றால் ஒரு கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் சேர்ந்த, இரண்டு எதிர்மின்சுமை கொண்ட ஒரு மூட்டை என்று அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

வாய்ப்பாடு எழுதும் படிகள்

முதற்படி, எது முதலில் வரும் என்று தீர்மானிப்பது. உலோகமும் அலோகமும் சேர்ந்திருந்தால் உலோகம் முதலில் வரும். பெயரே அந்த வரிசையைச் சொல்லிவிடுகிறது: மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் சல்பேட். அம்மோனியம் உலோகமில்லை என்றாலும் நேர்மின் அயனி என்பதால் முதலிடத்தைப் பெறுகிறது. இரண்டும் அலோகங்களாக இருந்தால், எலக்ட்ரானைக் குறைவாக ஈர்ப்பது முதலில் வருவது பொது வழக்கம். அம்மோனியாவிலும் மீத்தேனிலும் ஹைட்ரஜனைப் பின்னால் எழுதுவது நெடுநாள் மரபாக நிலைத்துவிட்டது.

இரண்டாம் படியில் ஒவ்வொன்றின் மேலும் அதன் இணைதிறனைப் பென்சிலால் சிறிதாக எழுதிக்கொள்ள வேண்டும். மனத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுபவர்கள்தாம் பெரும்பாலும் தவறுகிறார்கள்.

மூன்றாம் படிதான் முழு வேலையும் நடக்கும் இடம். இரு இணைதிறன்களின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடியுங்கள். அந்த எண், ஒரு பக்கம் நீட்ட வேண்டிய மொத்தக் கைகளின் எண்ணிக்கை. இரு பக்கமும் அதே எண்ணிக்கையில் கைகள் நீண்டால்தான் ஒன்றும் மிஞ்சாது. பின்னர் அந்த மீச்சிறு பொது மடங்கை ஒவ்வொன்றின் இணைதிறனாலும் வகுத்தால், அந்தந்த அணு எத்தனை வேண்டும் என்பது கிடைக்கும்.

நான்காம் படியில் அந்த எண்களைக் கீழெண்களாக எழுதுங்கள். 1 என்ற எண்ணை எழுத வேண்டியதில்லை. அணுத்தொகுதி ஒன்றுக்கு மேல் வரும்போது அதை அடைப்புக்குறிக்குள் இட்டு, கீழெண்ணை அடைப்புக்குறிக்கு வெளியே எழுத வேண்டும்.

ஐந்தாம் படி சரிபார்ப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் கீழெண்ணை இணைதிறனால் பெருக்கிப் பாருங்கள். இரு பெருக்கற்பலன்களும் சமமாக இல்லாவிட்டால் எங்கோ தவறியிருக்கிறீர்கள். தேர்வில் இந்தப் படியை விடாதீர்கள். பத்து நொடிக்கு மேல் ஆகாது.

உப்பளத்துச் சேர்மங்கள்

இப்போது பாத்திக்குத் திரும்புவோம். சோடியம் குளோரைடில் இரண்டுக்கும் இணைதிறன் 1. மீச்சிறு பொது மடங்கு 1, ஒன்றுக்கு ஒன்று. வாய்ப்பாடு சோடியம்–குளோரின். பொட்டாசியம் குளோரைடும் இவ்வாறே.

மெக்னீசியம் குளோரைடில் மெக்னீசியத்துக்கு 2, குளோரினுக்கு 1. மீச்சிறு பொது மடங்கு 2. மெக்னீசியம் 2 ÷ 2 = 1; குளோரின் 2 ÷ 1 = 2. வாய்ப்பாடு மெக்னீசியம்–குளோரின்₂. சரிபார்ப்பு: 1 × 2 = 2, 2 × 1 = 2. உப்பு மூட்டை மழைக்காலத்தில் ஈரம் கசியக் காரணம் உப்போடு ஒட்டிவந்த இந்தச் சேர்மமே. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

கால்சியம் சல்பேட்டில் கால்சியத்துக்கும் 2, சல்பேட்டுக்கும் 2. மீச்சிறு பொது மடங்கு 2தான், 4 இல்லை. ஆகவே இரண்டும் ஒவ்வொன்றே வேண்டும்: கால்சியம்–சல்பேட். சல்பேட்டை விரித்து எழுதினால் கால்சியம்–கந்தகம்–ஆக்சிஜன்₄ ஆகும். மெக்னீசியம் சல்பேட்டும் கால்சியம் கார்பனேட்டும் இதே கணக்கு. தொடக்கத்தில் சொன்ன மெக்னீசியம் ஆக்சைடு பிழையும் இங்கே தானாகத் தீர்ந்துவிடுகிறது. மெக்னீசியத்தின் இரண்டு கைகளை ஆக்சிஜனின் இரண்டு கைகள் பிடித்தவுடன் கணக்கு முடிந்துவிடுகிறது. இன்னொரு ஜோடியைச் சேர்த்து எழுதக் காரணம் எதுவும் இல்லை.

இங்கே ஓர் ஆழமான செய்தி இருக்கிறது. பாத்தியில் நிற்கும் நீரில் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று ஒன்றும் மிதப்பதில்லை. சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் தனித்தனியே உலவுகின்றன. படிகமான பிறகும், ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடு அயனியைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகள் என்று அந்த அடுக்கு உப்புக்கல் முழுவதும் நீள்கிறது. ஆகவே அயனிச் சேர்மத்தின் வாய்ப்பாடு சொல்வது விகிதத்தை மட்டுமே: மொத்த நேர்மின்சுமையும் மொத்த எதிர்மின்சுமையும் சமமாவதற்கு வேண்டிய மிகச் சிறிய விகிதம். அதனால்தான் அங்கே எப்போதும் சுருக்கி எழுதுகிறோம். நீர், அம்மோனியா போன்ற உண்மையான மூலக்கூறுகளில் நிலைமை வேறு; அதைப் பின்னால் காண்போம்.

இரண்டும் மூன்றும் சந்திக்கும் இடம்

சாத்தான்குளம், குதிரைமொழி வட்டாரங்களில் உள்ள தேரிக்காட்டு மணலின் செம்மை நம் நாட்டில் பலரும் பார்த்து வியப்பது. மணற்பரல்களின் மேல் பூச்சாகப் படிந்துள்ள இரும்பு ஆக்சைடே அந்த நிறத்துக்குக் காரணம். அந்த ஆக்சைடில் இரும்பின் இணைதிறன் 3. ஆக்சிஜனுக்கு 2. மீச்சிறு பொது மடங்கு 6. இரும்பு 6 ÷ 3 = 2; ஆக்சிஜன் 6 ÷ 2 = 3. வாய்ப்பாடு இரும்பு₂–ஆக்சிஜன்₃. இரண்டு இரும்பணுக்கள் ஆறு கைகளை நீட்டுகின்றன. மூன்று ஆக்சிஜன் அணுக்கள் ஆறு கைகளால் பிடிக்கின்றன. அலுமினியம் ஆக்சைடுக்கும் இதே கணக்கு: அலுமினியம்₂–ஆக்சிஜன்₃.

இரும்பின் எண்ணும் ஆக்சிஜனின் எண்ணும் இடம் மாறி அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். குறுக்குப் பெருக்கல் என்று சொல்லப்படும் விதி இதுதான். இரு இணைதிறன்களுக்கும் 1 தவிர வேறு பொது வகுத்தி இல்லாதபோது, மீச்சிறு பொது மடங்கு அவற்றின் பெருக்கற்பலனாகவே அமைகிறது. எனவே ஒன்றின் இணைதிறன் மற்றதன் கீழெண்ணாக வந்துவிடுகிறது. பொது வகுத்தி இருந்தால் மாற்றிப் போட்ட எண்களை அதனால் வகுக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் கற்பிப்பதால்தான் மெக்னீசியம்₂–ஆக்சிஜன்₂ பிறக்கிறது. காரணம் தெரிந்த பின் குறுக்குவழியை நீங்கள் தயங்காமல் பயன்படுத்தலாம்.

அடைப்புக்குறி வேண்டிய சேர்மங்கள்

உடன்குடிப் பக்கம் பனை ஏறுபவர்கள், பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள். நீற்றிய அந்தச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. கால்சியத்துக்கு 2, ஹைட்ராக்சைடுக்கு 1. ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு வேண்டும். வாய்ப்பாடு கால்சியம்–(ஆக்சிஜன்–ஹைட்ரஜன்)₂. அடைப்புக்குறியை விட்டுவிட்டுக் கால்சியம்–ஆக்சிஜன்–ஹைட்ரஜன்₂ என்று எழுதினால், ஓர் ஆக்சிஜன் காணாமல் போய்விடுகிறது. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 2, உள்ளே இருக்கும் எல்லா அணுக்களையும் இரு மடங்காக்கும்: இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். நீற்றுவதற்கு முன் அது சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம்–ஆக்சிஜன். காளவாயில் சுடுவதற்கு முன் அது சிப்பியாகவோ சுண்ணாம்புக்கல்லாகவோ இருந்தபோது கால்சியம் கார்பனேட். திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் 1949ஆம் ஆண்டு முதல் சிமெண்ட் ஆலை நடப்பதற்கு ஆதாரமாக இருந்ததும் இந்தக் கால்சியம் கார்பனேட் பாறையே. மூன்று நிலையிலும் கால்சியத்தின் இணைதிறன் 2 ஆகவே இருக்கிறது என்பதை மாணவர்கள் தாமே எழுதிப் பார்க்க வேண்டும்.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைவிப்பவர்கள் அறிந்த உரம் அம்மோனியம் சல்பேட். அம்மோனியத்துக்கு 1, சல்பேட்டுக்கு 2. இங்கே அடைப்புக்குறி முதல் பகுதிக்கு வருகிறது: (நைட்ரஜன்–ஹைட்ரஜன்₄)₂–கந்தகம்–ஆக்சிஜன்₄. எலும்பில் உள்ள தாதுவின் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. அதன் எளிய வடிவத்தில் கால்சியத்துக்கு 2, பாஸ்பேட்டுக்கு 3, மீச்சிறு பொது மடங்கு 6. கால்சியம்₃–(பாஸ்பரஸ்–ஆக்சிஜன்₄)₂. சரிபார்ப்பு: 3 × 2 = 6, 2 × 3 = 6.

ஒரே தனிமம், இரு இணைதிறன்

நடராசர் ஆடும் ஐந்து சபைகளுள் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலில் இருக்கிறது. நம் ஆற்றின் பெயரிலும் தாமிரம் இருக்கிறது. இவ்வளவு நெருக்கமான அந்த உலோகத்துக்கு இணைதிறன் ஒன்றல்ல. 1 என்றும் 2 என்றும் இரண்டு உண்டு. 1 ஆக இருக்கும்போது அதன் ஆக்சைடு தாமிரம்₂–ஆக்சிஜன், நிறம் சிவப்பு. 2 ஆக இருக்கும்போது தாமிரம்–ஆக்சிஜன்; நிறம் கறுப்பு. முன்னதைக் குப்ரஸ் ஆக்சைடு என்றும் பின்னதைக் குப்ரிக் ஆக்சைடு என்றும் பழைய பாடநூல்கள் சொல்லும். இரும்புக்கு 2, 3. பெர்ரஸ், பெர்ரிக் என்பன அவற்றின் பெயர்கள். ‘அஸ்’ என்று முடிந்தால் குறைந்த இணைதிறன், ‘இக்’ என்று முடிந்தால் கூடிய இணைதிறன் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இன்றைய முறையில் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எண்ணை எழுதிவிடுகிறார்கள்: இரும்பு (3) குளோரைடு என்றால் இரும்பு–குளோரின்₃.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி இரும்பு (2) சல்பேட். மயில்துத்தம் தாமிரம் (2) சல்பேட். இரண்டிலும் உலோகத்துக்கு 2, சல்பேட்டுக்கு 2 என்பதால் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் அந்தப் படிகங்களில் நீர் மூலக்கூறுகளும் சேர்ந்திருக்கின்றன. மயில்துத்தத்தில் ஐந்து, அன்னபேதியில் ஏழு. இந்த எண்ணிக்கையை இணைதிறன் சொல்லாது. அதை அளந்து அறிந்து, வாய்ப்பாட்டின் பின்னே புள்ளியிட்டுச் சேர்க்க வேண்டும்.

பெயரில் எண் தரப்படாமல் வாய்ப்பாடு மட்டும் தரப்பட்டிருந்தால் பின்னோக்கிக் கணக்கிடலாம். இரும்பு₂–(சல்பேட்)₃ என்று இருந்தால், மூன்று சல்பேட்டுக்கு மொத்தம் 6. அதை இரண்டு இரும்பணுக்கள் சமமாகப் பகிர்வதால் ஒவ்வொன்றுக்கும் 3. ஆகவே அது இரும்பு (3) சல்பேட்.

உண்மையான மூலக்கூறுகள்

இதுவரை கண்டவை பெரும்பாலும் அயனிச் சேர்மங்கள். அலோகங்கள் தமக்குள் எலக்ட்ரானைப் பங்கிட்டுச் சேரும்போது, எண்ணி எடுக்கத்தக்க அணுக்களைக் கொண்ட மூலக்கூறு கிடைக்கிறது. சோடா பாட்டிலில் அடைபட்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பனுக்கு 4, ஆக்சிஜனுக்கு 2, மீச்சிறு பொது மடங்கு 4. கார்பன்–ஆக்சிஜன்₂. கார்பனின் நான்கு கைகளில் இரண்டை ஓர் ஆக்சிஜனும் மற்ற இரண்டை இன்னோர் ஆக்சிஜனும் பிடிக்கின்றன. இவை இரட்டைப் பிணைப்புகள்.

தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலை தயாரிக்கும் யூரியாவின் வாய்ப்பாடு கார்பன்–ஆக்சிஜன்–(நைட்ரஜன்–ஹைட்ரஜன்₂)₂. நான்கு தனிமங்கள் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கைகளை எண்ணிப் பாருங்கள். கார்பனின் நான்கு கைகளில் இரண்டை ஆக்சிஜன் பிடித்துவிடுகிறது. மீதி இரண்டில் ஒவ்வொன்றையும் ஒரு நைட்ரஜன் பிடிக்கிறது. ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் இன்னும் இரண்டு கைகள் மிஞ்சுகின்றன. அவற்றை இரண்டிரண்டு ஹைட்ரஜன்கள் நிரப்புகின்றன. எந்தக் கையும் வெறுமையாக இல்லை. தாளில் கோடுகளாக வரைந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இந்தப் பயிற்சியை ஒருமுறையாவது செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்போது சுருக்குவதைப் பற்றிய எச்சரிக்கை. வெல்டிங் பட்டறையில் எரியும் அசிட்டிலின் வாயு கார்பன்₂–ஹைட்ரஜன்₂. இதைக் கார்பன்–ஹைட்ரஜன் என்று சுருக்கினால் கார்பனின் மூன்று கைகள் தொங்கிக்கொண்டிருக்கும். உண்மையில் இரு கார்பன்களும் மும்மூன்று கைகளால் ஒன்றையொன்று பிடித்து, எஞ்சிய ஒரு கையால் ஆளுக்கொரு ஹைட்ரஜனைப் பிடிக்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான்: ஹைட்ரஜன்₂–ஆக்சிஜன்₂. இரு ஆக்சிஜன்களும் தமக்குள் ஒரு கையைக் கோத்துக்கொள்வதால் இணைதிறன் 2 அங்கேயும் மீறப்படவில்லை. ஒரே வகை அணுக்கள் தமக்குள் கைகோத்துக்கொள்ளும் இடத்தில் மீச்சிறு பொது மடங்கு முறை தானாக விடை தராது. மூலக்கூறின் அமைப்பையும் அறிந்திருக்க வேண்டும்.

இந்த முறைக்குள் எளிதில் அடங்காத சேர்மங்களும் உண்டு. காந்தக்கல்லின் வாய்ப்பாடு இரும்பு₃–ஆக்சிஜன்₄. நான்கு ஆக்சிஜனின் எட்டுக் கைகளை மூன்று இரும்புக்குச் சமமாகப் பிரிக்க முடியாது. அதில் இணைதிறன் 2 உடைய இரும்பு ஒன்றும், 3 உடைய இரும்பு இரண்டுமாகக் கலந்திருக்கின்றன: 2 + 3 + 3 = 8. கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு ஆகியவற்றை இந்தக் கைக்கணக்கால் விளக்க முயலாதீர்கள். அவற்றின் எலக்ட்ரான் அமைப்பை மேல்வகுப்பில் கற்கும்போது காரணம் விளங்கும். கந்தகம் ஆக்சிஜனோடு சேரும்போது 4, 6 ஆகிய இணைதிறன்களையும் காட்டும். அதனால்தான் கந்தக டை ஆக்சைடு, கந்தக டிரை ஆக்சைடு என்று எண்ணைப் பெயரிலேயே சேர்த்துச் சொல்கிறோம். அங்கே பெயரைப் படித்தாலே வாய்ப்பாடு கிடைத்துவிடும்.

பயிற்சி

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் முயலுங்கள். ஆப்ப சோடா எனப்படும் சோடியம் பை-கார்பனேட், சலவைச் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட், வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர் பயன்படுத்தும் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, கோவில்பட்டித் தீக்குச்சியின் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட், அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் நைட்ரைடு.

முதல், மூன்றாம், நான்காம், ஐந்தாம் சேர்மங்களில் இரு பக்கமும் 1 என்பதால் ஒன்றுக்கு ஒன்று. சலவைச் சோடாவில் கார்பனேட்டின் 2ஐ ஈடுசெய்ய இரண்டு சோடியம் வேண்டும்: சோடியம்₂–கார்பன்–ஆக்சிஜன்₃. அலுமினியம் ஹைட்ராக்சைடு அலுமினியம்–(ஆக்சிஜன்–ஹைட்ரஜன்)₃. கடைசியில் உள்ளது நைட்ரைடு, நைட்ரேட் அல்ல. நைட்ரைடு என்பது நைட்ரஜன் மட்டுமே, இணைதிறன் 3, ஆகவே மெக்னீசியம்₃–நைட்ரஜன்₂. ‘ஐடு’, ‘ஏட்’ என்ற ஈறுகளைக் குழப்பிக்கொள்வதால் இழக்கும் மதிப்பெண்கள் அதிகம் என்பதால் இதை வேண்டுமென்றே வைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, சற்றுக் கடினமானது. ஆற்றில் புதுவெள்ளம் வந்து நீர் கலங்கும்போது வீடுகளில் குடத்துக்குள் படிகாரத்தைச் சுழற்றித் தெளியவைப்பார்கள். படிகாரத்தில் பொட்டாசியம், அலுமினியம் என இரண்டு நேர்மின் அயனிகளும் சல்பேட் என்ற ஓர் எதிர்மின் அயனியும் உள்ளன. பொட்டாசியமும் அலுமினியமும் ஒவ்வொன்றே. எத்தனை சல்பேட் வேண்டும்? பொட்டாசியத்தின் 1, அலுமினியத்தின் 3, மொத்தம் 4. சல்பேட் ஒன்றுக்கு 2 என்பதால் 4 ÷ 2 = 2. பொட்டாசியம்–அலுமினியம்–(கந்தகம்–ஆக்சிஜன்₄)₂, அதனோடு, படிகத்தில் சேர்ந்திருக்கும் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளைப் புள்ளியிட்டுப் பின்னால் எழுத வேண்டும்.